எஸ்2 கார் வாங்கியும் ஏன் தோக்கறோம்? ரேஸிங் கேமில் 'கிளாஸ்' கணக்கு

ரேஸிங் கேம் பத்தி எப்போ எபிசோட் போட்டாலும் இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி ஒரு புலம்பல் வந்து விழும். "கிரெடிட் சேத்து சேத்து ஒரு எஸ்2 கார் வாங்கினேன் ப்ரோ. ஆன்லைன்ல போனா கடைசி. சும்மா ஒரு ஏ கிளாஸ் கார் வச்சிருந்தப்போ கூட மூணாவது, நாலாவது வந்துட்டு இருந்தேன்." அனுப்புறவங்க பேர்தான் மாறும், கதை மாறாது. இதுல சில பேர் கேமையே தூக்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. அதுதான் எனக்கு வருத்தம்.

"முதல்ல ஓட்டக் கத்துக்கோங்க"ன்னு பதில் சொல்லிட்டுப் போயிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னன்னா, கார் பேருக்குப் பக்கத்துல கலர் கட்டத்துல ஒரு எழுத்து இருக்கே, அதை நாம ஸ்கூல் கிரேடு மாதிரி படிச்சுப் பழகிட்டோம். அது கிரேடு இல்லை. அது என்னன்னு சொல்றதுக்குத்தான் இன்னிக்கு எபிசோட்.

உதாரணத்துக்கு ஃபோர்ஸா ஹொரைஸன் 5-ஐ எடுத்துக்கறேன். 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் வந்த கேம். 2025-ல பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்தது. கதை நடக்கிற இடம் மெக்ஸிகோ. நம்ம நேயர்கள்ல நிறைய பேர் ஆடறது இதைத்தான். கிளாஸ் கணக்கு வெளிப்படையா கண்ணுக்குத் தெரியறதும் இதுலதான்.

எழுத்துக்குப் பின்னால இருக்கிற நம்பர்

ஒவ்வொரு காருக்கும் ஒரு எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர். நம்பருக்குப் பேரு பெர்ஃபாமன்ஸ் இண்டெக்ஸ், சுருக்கமா பிஐ. எழுத்து அந்த நம்பர்ல இருந்து வர்றதுதான். 500 வரைக்கும் டி. 501-ல இருந்து 600 வரை சி. 601-ல இருந்து 700 வரை பி. 700-ஐத் தாண்டினா ஏ, 800-ஐத் தாண்டினா எஸ்1, 900-ஐத் தாண்டினா எஸ்2. எஸ்2 998-ல முடிஞ்சிடும். 999 மட்டும் தனியா எக்ஸ் கிளாஸ். (ஏ-ன்னா ஃபர்ஸ்ட் ரேங்க்னு நினைக்காதீங்க. ஏ-க்கு மேல எஸ் வைக்கிறது ஜப்பான் கேம்கள்ல ரொம்ப நாளா இருக்கிற பழக்கம்.)

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்க் கபடிப் போட்டி போதும். போஸ்டர்லயே இத்தனை கிலோ எடைப் பிரிவுன்னு போட்டிருப்பாங்க. 60 கிலோ பிரிவுல ஆடற பையன் 70 கிலோ பிரிவுல ஆடறவனை விட மட்டமான ஆட்டக்காரன்னு யாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க. யார் யாரோட மோதணும்ங்கிறதுக்குத்தான் அந்த எடை. கார் கிளாஸும் அதே வேலையைத்தான் செய்யுது. நீங்க பி கிளாஸ் ரேஸ்ல இறங்கினா பக்கத்துல நிக்கிறதும் பி கிளாஸ் கார்தான். எஸ்2 கார் வாங்கினா எதிராளிகளும் எஸ்2. உங்களுக்கு வேகம் கூடின மாதிரியே அவங்களுக்கும் கூடிடுச்சு. அப்போ பெரிய எழுத்தால உங்களுக்குக் கிடைச்ச சலுகை என்ன? ஒண்ணும் இல்லை.

இன்னொரு விஷயம். இந்த எழுத்து காரோட நெத்தியில பிறக்கும்போதே எழுதின தலையெழுத்து கிடையாது. 1963 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கைக்கு வரும்போது டி கிளாஸ். இன்ஜினை மாத்தி, டயரை மாத்தி, எடையைக் குறைச்சா அதே பீட்டில் ஏ கிளாஸ்ல போய் நிக்கும். பார்ட் மாத்த மாத்த நம்பர் ஏறும், நம்பர் ஏறினா எழுத்து மாறும். மொபைல்ல அஸ்ஃபால்ட் ஆடிட்டு இங்க வர்றவங்க தடுமாறுற இடம் இதுதான். அங்க ஒரு கார் டி கிளாஸ்னா கடைசி வரைக்கும் டி கிளாஸ்தான். எவ்வளவு அப்கிரேட் பண்ணினாலும் அந்த வீட்டுக்குள்ளேயே பெரிய ஆளாகும். இங்க வீடே மாறும்.

ஒரே 700, ரெண்டு கார்

இப்போ இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வரோம். பிஐ ஒரு கூட்டுத் தொகை. காரோட டாப் ஸ்பீடு, வளைவுல பிடிமானம், ஆக்சிலரேஷன், கிளம்புற வேகம், பிரேக், ஆஃப்ரோடுன்னு கேம் ஆறு பட்டை காட்டும். ஆனா கடைசியில எல்லாம் சேந்து ஒரே நம்பராத்தான் ரேஸுக்குள்ள போகுது. பரீட்சையில ரெண்டு பேரும் டோட்டல் 400 வாங்கியிருக்காங்க. ஒருத்தனுக்குக் கணக்குல 98, இன்னொருத்திக்குத் தமிழ்ல 98. டோட்டலை மட்டும் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணு. கணக்குப் போட்டி வச்சா?

அதனால நான் கிளாஸை ஒரு பட்ஜெட்டாத்தான் பாக்கறேன். கல்யாணச் செலவுக்கு 5 லட்சம்னு முடிவு பண்ணியாச்சு. ஒரு வீட்ல மண்டபத்துல கொட்டுவாங்க, இன்னொரு வீட்ல சாப்பாட்டுல கொட்டுவாங்க. தொகை ஒண்ணுதான், கல்யாணம் ரெண்டும் வேற வேற.

கணக்கா சொல்றேன். உங்ககிட்ட 640-ல ஒரு கார் இருக்கு. பி கிளாஸ் வரம்பு 700. அப்போ கையில 60 பாயிண்ட். முதல் வழி: டர்போ, எக்ஸாஸ்ட், கேம் ஷாஃப்ட்னு எல்லாத்தையும் இன்ஜின்ல போடுறது. 700 வந்துடும். நேர் ரோட்டுல கார் பறக்கும். ஆனா டயர் அதே பழைய டயர், எடை அதே எடை. வளைவு வந்ததும் பிரேக்கை எக்கச்சக்கமா முன்னாடியே மிதிக்கணும். இல்லைன்னா வேலியைப் பிச்சுக்கிட்டு சோளக்காட்டுக்குள்ள போயிடுவீங்க. ரெண்டாவது வழி: நல்ல டயர், எடைக் குறைப்பு, கொஞ்சம் சஸ்பென்ஷன். இதுவும் 700-தான். நேர் ரோட்டுல முதல் கார் இதைத் தாண்டிப் போகும். வளைவுல இது அதைத் தாண்டும்.

புதுசா வர்றவங்க பத்துக்கு எட்டு பேர் முதல் வழிதான் போவாங்கங்கிறது என் கணிப்பு. குதிரைத்திறன் நம்பர் ஏறுறதைப் பாக்க ஒரு சுகம் இருக்கு. டயர் மாத்தினா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பி, ஏ மாதிரி கிளாஸ்கள்ல டயருக்குப் போடுற பாயிண்ட் பெரும்பாலும் வீண் போகாது. காரணம் சுலபம். இந்தக் கார்கள்ல இன்ஜின் பலம் அளவாத்தான் இருக்கும். வளைவுல 30 கிலோமீட்டர் வேகத்தை விட்டுட்டீங்கன்னா, அதைத் திரும்ப எட்டிப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகும். வேகத்தை விடாம வளைஞ்சு வெளிய வர்ற கார், அடுத்த நேர் ரோட்டையே உங்களை விட அதிக வேகத்துல ஆரம்பிக்குது. நேர் ரோட்டு வெற்றின்னு நாம நினைக்கிறதுல பாதி, அதுக்கு முந்தின வளைவுல முடிவானது.

ஆல் வீல் டிரைவ் பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. நாலு சக்கரத்துக்கும் பவர் போற மாதிரி மாத்தினா கிளம்புறப்போ வீல் சுத்தாது, மண் ரோட்டுலயும் நல்லா இருக்கும். ஆனா எடை கூடும், பட்ஜெட்லயும் ஒரு துண்டு போயிடும். எல்லாக் காருக்கும் கண்ணை மூடிக்கிட்டு அதைப் போடுறது, எல்லாக் குழம்புலயும் தேங்காய் அரைச்சு ஊத்துற மாதிரி. பவர் அதிகம் இருந்து பின் சக்கரம் அடங்காத கார்னா போடுங்க. ஒரு சின்ன, லேசான, முன் சக்கர டிரைவ் காருக்கு பி கிளாஸ்ல அது தேவையான்னு யோசிங்க.

அப்புறம் ஒண்ணு, இது ரொம்பச் சின்ன விஷயம்: 691-ல நிக்காதீங்க. எதிராளி 700-ல வருவான். மீதி 9 பாயிண்ட்டை ரிம், டயர் அகலம், ஃபிளைவீல்னு சின்னச் சின்ன பார்ட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து நிரப்பிடலாம். ஆன்லைன்ல முன்னாடி போறவங்க கார்களைக் கவனிங்க: 700, 800, 900. வரம்பை முட்டிக்கிட்டுத்தான் நிக்கும்.

நம்பருக்குத் தெரியாத ரோடு

ஹொரைஸன் 5-ல குவானஹுவாட்டோங்கிற நிஜ ஊர் இருக்கு. மெக்ஸிகோவுல பழைய வெள்ளிச் சுரங்க ஊர், யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற இடம். குறுகலான கல் பதிச்ச தெரு, ஊருக்கு அடியில சுரங்கப் பாதை, வளைவுக்கு மேல வளைவு. அதே மேப்ல நீளமான ஹைவேயும் இருக்கு, பாலைவனம் இருக்கு, சேறு நிறைஞ்ச காடு இருக்கு, ஒரு எரிமலை கூட இருக்கு. மழை சீசன் வந்தா ரோடே வழுக்கும்.

பிஐ நம்பருக்கு இது எதுவும் தெரியாது. நீங்க எந்த ரேஸுக்குப் போறீங்கன்னு பாத்து அது மாறாது. எஸ்1 850-ல ஒரு இத்தாலி சூப்பர் கார், அதே 850-ல ஒரு ராலி கார். ரெண்டையும் மணல்ல இறக்கிப் பாருங்க. சூப்பர் கார் தரையோட ஒட்டிக்கிட்டுத் தத்தளிக்கும், ராலி கார் குதிச்சுக்கிட்டுப் போகும். நம்பர் ரெண்டையும் சமம்னுதான் சொல்லிட்டு இருக்கும்.

கிளாஸ் மேல எனக்கு இருக்கிற குறையும் இங்கதான். ஆயிரக்கணக்கான பார்ட் சேர்க்கைகளை ஒரு நம்பருக்குள்ள அடக்கினா எங்கேயாவது கசியத்தான் செய்யும். சில கார்களை அந்த நம்பர் குறைச்சு எடை போட்டுடுது: 800-ன்னு காட்டும், ஓட்டினா அதுக்கு மேல தெரியும். அதைக் கண்டுபிடிச்சவங்க எல்லாரும் அதே காரை எடுத்துட்டு வர்றாங்க. இதுக்குத்தான் 'மெட்டா கார்'னு பேரு. ஒரு லாபிக்குள்ள போனா பன்னிரண்டுல பாதி ஒரே கார். நூற்றுக்கணக்கான கார் இருக்கிற கேம்ல அது கொஞ்சம் சோகம். அதுக்காக மெட்டா கார் எடுக்கிறவங்களைத் திட்ட மாட்டேன். ரூலுக்கு உள்ளதான் ஆடறாங்க. புதுசா வர்ற ஒருத்தர் ரெண்டு வாரம் தோத்துட்டு, "எனக்கு ஓட்ட வரல"ன்னு முடிவு பண்றார் பாருங்க, அவருக்காகத்தான் சொல்றேன். தோல்வியில ஒரு பங்கு காரோட கணக்கு. அதை உங்க கை மேல ஏத்திக்காதீங்க.

நிஜ ரேஸ்லயும் இதே தலைவலி

நிஜ மோட்டார் ரேஸ் வேற ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கு. ஜிடி3ன்னு ஒரு கிளாஸ். அதுல போர்ஷே 911-க்கு இன்ஜின் பின்னாடி, மெர்சிடிஸ்க்கு முன்னாடி பெரிய வி8, ஃபெராரி 296-க்கு நடுவுல டர்போ வச்ச வி6. மூணும் மூணு ஜாதகம். அப்படியே விட்டா ஒரு கார்தான் எப்பவும் ஜெயிக்கும். அதனால ரேஸ் நடத்துறவங்களே ஒரு காருக்கு எடையைக் கூட்டுவாங்க, இன்னொரு காருக்கு பவரைக் குறைப்பாங்க. பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ்னு சொல்வாங்க. எங்க காருக்கு மட்டும் ஏன் எடை ஏத்தினீங்கன்னு டீம்கள் புலம்புறது இந்த விளையாட்டுல தீராத பஞ்சாயத்து.

கிரான் டூரிஸ்மோ 7 இதை அப்படியே கேமுக்குள்ள கொண்டு வந்திருக்கு. நிஜ ஜிடி3 மாதிரி குரூப் 3, ஜிடி4 மாதிரி குரூப் 4. இந்தப் பேலன்ஸ் போட்டு நடக்கிற ஆன்லைன் ரேஸ்ல உங்க பார்ட் செட்டிங் எதுவும் செல்லாது; கேமே எடையையும் பவரையும் நிர்ணயிக்கும். ஃபோர்ஸா கையில பட்ஜெட்டைக் கொடுத்து "உன் சமத்து"ன்னு சொல்லுது. கிரான் டூரிஸ்மோ யூனிஃபார்ம் மாட்டி விடுது. எனக்கு ஃபோர்ஸா வழி பிடிக்கும், கராஜ்ல உக்காந்து யோசிக்கிறதும் ரேஸோட ஒரு பகுதிதானே. ஆனா நியாயம்னு பாத்தா யூனிஃபார்முக்குத்தான் மார்க் போடுவேன்.

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமாரோட டீம் மூணாவது வந்தது ஞாபகம் இருக்கும். அது அவங்க கிளாஸ்ல மூணாவது. "அப்போ மொத்தத்துல மூணாவது இல்லையா?"ன்னு அப்போ சில பேர் கிண்டலா கேட்டாங்க. அந்த மாதிரி ரேஸ்ல ஒரே டிராக்ல பல கிளாஸ் ஒண்ணா ஓடும். வேகமான கிளாஸ் கார்கள் உங்களைத் தாண்டிப் போய்க்கிட்டேதான் இருக்கும். உங்க போட்டி அவங்களோட கிடையாது. லே மான்ஸ் 24 மணி நேரமும் இப்படித்தான், ஹைப்பர் கார், எல்எம்பி2, எல்எம்ஜிடி3ன்னு மூணு ரேஸ் ஒரே ரோட்டுல நடக்குது. கிளாஸ் போடியம்ங்கிறது அசல் போடியம்தான். கபடி உதாரணத்தை மறுபடி நினைச்சுக்கோங்க.

சரி, எந்தக் கிளாஸ்ல ஆரம்பிக்கிறது?

பி. ரொம்ப மெதுவா தோணினா ஏ. இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. மணிக்கு 300 கிலோமீட்டர்னா ஒரு செகண்டுக்கு 83 மீட்டர். 150-ன்னா 42 மீட்டர் கூட வராது. எஸ்2 கார்ல நீங்க ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி, "ஓ, வளைவு"ன்னு உணர்றதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதான நீளம் போயாச்சு. எங்க தப்பு பண்ணினோம்னு தெரியறதுக்குள்ள சுவத்துல இருக்கோம். தனியா ஆடினா ரீவைண்ட் பட்டன் காப்பாத்தும். ஆன்லைன்ல ரீவைண்ட் கிடையாது. பி கிளாஸ்ல அதே தப்பு மெதுவா நடக்கும். எங்க பிரேக் போட்டோம், எங்க ஸ்டீயரிங்கை ஜாஸ்தி ஒடிச்சோம்னு பாக்க நேரம் இருக்கும்.

பழகிப் பாக்க ரைவல்ஸ் மோடுக்குப் போங்க. ஒரு சின்ன சர்க்யூட், பி கிளாஸ். இடிக்க வேற யாரும் கிடையாது, எதிர்ல ஒரு ஆவிக் கார் மட்டும் ஓடும். ஒரே காரை ரெண்டு வாங்குங்க. ஒண்ணை முழுக்க இன்ஜினுக்கும், இன்னொண்ணை டயருக்கும் எடைக்கும் செலவு பண்ணி ரெண்டையும் 700-க்குக் கொண்டு வாங்க. ரெண்டுலயும் பத்துப் பத்து லேப். நான் இவ்வளவு நேரம் பேசினதை விட அந்த இருபது லேப் நல்லா புரிய வைக்கும்.

மத்தவங்க செட்டப்பை டவுன்லோட் பண்றது தப்பான்னு கேட்டிருந்தீங்க. தப்பே இல்லை. ட்யூனிங் நம்பர்கள் பூட்டியிருக்கும், ஆனா என்னென்ன பார்ட் போட்டிருக்காங்கன்னு அப்கிரேட் மெனுவுல போய்ப் பாக்கலாம். நல்ல டைம் எடுக்கிற ஒரு ஆள் பட்ஜெட்டை எங்க போட்டிருக்கார், எதை விட்டுக் கொடுத்திருக்கார்னு அதுலயே தெரிஞ்சிடும்.

கடைசியா, எக்ஸ் கிளாஸ். அது ஏன் ஒரே ஒரு நம்பர்னு ஒருத்தர் கேட்டிருந்தார். 999-தான் மீட்டரோட முனை. அதுக்கு மேல கார் எவ்வளவு போனாலும் 999-ன்னுதான் காட்டும். அதனால ரெண்டு எக்ஸ் கார் பக்கத்துல நின்னா ரெண்டும் சமம்னு அர்த்தம் இல்லை. ரெண்டும் அளவுக்கு வெளிய போயிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அங்க வரம்பும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. ஹைவேயில சும்மா ஒரு ஓட்டு ஓட்ட ஜாலியா இருக்கும், ரேஸுக்கு எனக்கு அதுல ஆர்வம் இல்லை.

பி 700-ல அந்த ரெண்டு கார் சோதனையைப் பண்ணினவங்க, எந்தக் கார், எந்த சர்க்யூட், ரெண்டு டைமுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. இன்ஜின் கார் ஜெயிச்சிருந்தா கண்டிப்பா அனுப்புங்க, அது எந்த ரோடுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.